வாட்ச்மேன் எழுதிய நோட்டு

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரி வாசலில் இருந்த வாட்ச்மேனின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான ஆள். காதில் எப்போதும் பென்சில் இருக்கும். வாசலில் நடப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவார்.

குவாரியில் கல் விழுந்து என் கால் நசுங்கியது. பத்து நாள் கழித்து நஷ்டஈடு கேட்டுப் போனபோது, விபத்தன்று நான் வேலைக்கே வரவில்லை என்று மேஸ்திரி ஆபீஸில் சாதித்தார். அவருடைய வருகை ரிஜிஸ்டரில் வெறும் புள்ளியும் வட்டமும்தான் இருந்தன. அவர் சொன்னதுதான் அதற்கு அர்த்தம்.

அங்கே வந்திருந்த வாட்ச்மேன் தன் நோட்டை நீட்டினார். "இத யாரு வேணாலும் படிக்கலாம் சார்."

மானேஜர் என் பெயர் வந்த பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "ஏழு மணி. மாணிக்கம் உள்ளே போனான். பத்து மணி. மாணிக்கத்தைத் தூக்கி வந்தார்கள். காலில் ரத்தம். இதை எழுதாதே என்றார் மேஸ்திரி."

"நீங்க சொன்னதையும் விடலீங்க மேஸ்திரி," என்று வாட்ச்மேன் சிரித்தார்.

மேஸ்திரிக்கு அன்றே வேலை போயிற்று. அவர் தலைகுனிந்து வாசலைத் தாண்டியதைக் கட்டுப்போட்ட காலோடு நின்று பார்த்தேன். மனசு குளிர்ந்தது. வாட்ச்மேன் அதையும் நேரம் போட்டு எழுதினார்.

"அவரு மேல ஒங்களுக்கு என்னங்க அவ்வளவு கோவம்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஏதோ எழுதினார்.

அன்றே நானும் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் வரி இதுதான்: "நாலு மணி. வாட்ச்மேன் என்னைப் பற்றி எழுதினார்."