காதுறை வாங்க வந்தவர்

குதிரைக் காதுறையை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். இரண்டு நீளக் கூம்புகளும் அவற்றைச் சேர்க்கும் துண்டுத் துணியுமாக, ஏதோ விளையாட்டுக்குத் தைத்தது போல இருக்கும். அன்று வந்தவர், நான் பிறகு அங்கிள் என்று கூப்பிட்டவர், சிரிக்கவில்லை. ஒரு கூம்புக்குள் இரண்டு விரல்களை விட்டு உள்தையலைத் தடவியபடி நெடுநேரம் நின்றார். சிட்னியின் மேற்கு விளிம்பில், குதிரைச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் நான் வேலை பார்த்த காலம் அது. அந்தக் கடைக்குத் தமிழர் யாரும் வந்து நான் பார்த்ததில்லை. என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "பிள்ளை தமிழோ?" என்றார்.

"ஆமா அங்கிள். கோயமுத்தூர்."

"என்ரை மகளின்ரை குதிரைக்கு வேணும். காதெல்லாம் புண். இலையான் விடுறேல்லை." ஈயைத்தான் அப்படிச் சொன்னார். பிறகு, "மகள் இப்ப இல்லை" என்றார். விலை கேட்கும் அதே குரலில்தான் அதையும் சொன்னார்.

அந்தக் குரல் எனக்குப் புதிதல்ல. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஊரில் என் அம்மா இறந்திருந்தார். விசா முடிவு வராமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாத நிலை. கொள்ளி வைத்ததைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு மறுநாள் கடையைத் திறந்தேன். வந்தவர்களிடம் சேணங்களைப் பற்றிப் பேசினேன். அழுகை வரும் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தேன். பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன். அதனால் அங்கிளிடம் ஆறுதல் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. காது எவ்வளவு நீளம் என்று கேட்டேன்.

அவர் எடுத்து வைத்திருந்தது கனமான உறை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. போட்டிகளில் கூட்டத்தின் இரைச்சலுக்கும் ஒலிபெருக்கிக்கும் மிரளும் குதிரைகளுக்கானது. "இதுதான் நல்ல தடிப்பாக் கிடக்கு. ஒரு சத்தமும் கேளாமல் இருந்தால் அதுக்கும் நிம்மதிதானே" என்றார். மேய்ச்சல் மைதானத்தில் நாள் முழுவதும் நிற்கும் குதிரைக்குக் காது கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது தெரியாமல் இன்னும் மிரளும், வெயிலில் உள்ளே வேர்த்துப் புண் பெரிதாகும் என்று சொன்னேன். காற்றுப் போகும் மெல்லிய வலையில், காதையும் கண்ணையும் சேர்த்து மூடும் முகவலை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். காதின் அடிப்பக்கம் இறுக்கக் கூடாது, தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும், அழுக்கானால் துவைத்துக் காயவைத்துத்தான் மறுபடி போட வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார்.

அடுத்த வாரம் அதே வலை கிழிந்து அவர் கையில் இருந்தது. "காதைத் தொட விடுறாள் இல்லை, பிள்ளை. கையைத் தூக்கினாலே தலையை எறியிறாள்." மைதானத்துச் சொந்தக்காரி ஒரு வெள்ளைக்காரக் கிழவி. காதைத் தொடவிடாத, கடிவாளம் மாட்ட முடியாத குதிரையை நல்ல வீட்டில் யாரும் வாங்க மாட்டார்கள், கடைசியில் இறைச்சிக்குத்தான் போகும் என்று அவரிடம் நேராகவே சொல்லியிருந்தாள். வீட்டில் அவருடைய மனைவி, அன்ரியோ, "அதை வித்துப்போட்டு வாங்கோ. எனக்கு அதின்ரை கதை வேண்டாம்" என்றிருந்தார். மகள் விபத்தில் போனது அந்த மைதானத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில். குதிரையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அன்ரியிடம் அதை யார் சொல்வது?

விடுமுறை நாள் ஒன்றில் நானும் போனேன். கரும்பழுப்பு நிறப் பெண்குதிரை. காதுகளின் உட்புறம் முழுக்கப் பொருக்கு, அதன் விளிம்பில் ஈக்கள். அங்கிள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார். மகள் உயிரோடு இருந்தவரை அவர் ஒருமுறைகூட அங்கே வந்ததில்லையாம். முதல் சம்பளத்தில் அவள் குதிரை வாங்கியபோது வீட்டில் பெரிய சண்டை. அதன்பின் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லையாம். எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன்: காதிலிருந்து தொடங்காதீர்கள், கழுத்தில் கையை வையுங்கள், அது விலகுவதற்கு முன் நீங்களே கையை எடுத்துவிடுங்கள்.

வேலைக்குப் போகும் முன் தினமும் காலையில் அவர் அங்கே போனார். கழுத்து, தாடை, நெற்றி என்று கை மெல்ல மேலே ஏறியது. வலைத்துணியைக் கழுத்தில் தேய்த்துப் பழக்கினார். கால்நடை மருத்துவர் கொடுத்த களிம்பை நுனிவிரலில் கொண்டுபோனார். சில நாள் ஏறிய தூரம் மறுநாள் இறங்கிவிடும். கடைக்கு வந்து சொல்லும்போது அவர் முகத்தில் சலிப்பும் இருக்காது, மகிழ்ச்சியும் இருக்காது. "இண்டைக்கு வலக்காதைத் தொட விட்டவள்" என்பார். "சரி அங்கிள்" என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். கோடை முடிவதற்குள் குதிரை தலையைத் தாழ்த்தி நின்று புது வலையுறையைப் போட்டுக்கொண்டது. புண் ஆறியது.

பிறகு வாங்க ஆள் வந்தது. குதிரைக்காரர்களின் பேச்சு தனக்குப் புரியாது என்று என்னையும் வரச் சொன்னார். அன்ரியும் வந்திருந்தார், கொட்டகையில் இருந்த மகளின் சாமான் பெட்டியை எடுத்துப் போகத்தான் வந்தார், காரை விட்டு இறங்கவில்லை. வாங்க வந்த பெண் நல்லவளாகத்தான் தெரிந்தாள். பல்லைப் பார்த்தாள், குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், காதுகளைக் கையால் வருடினாள். குதிரை அசையாமல் நின்றது. பெயர் என்ன என்று கேட்டாள்.

"மிளகு" என்றார் அங்கிள். அதுவரை "அவள்" என்றே சொல்லி வந்ததால் நானும் அப்போதுதான் பெயரைக் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் இருமுறை சொல்லிப் பார்த்தாள், வாயில் வரவில்லை. பரவாயில்லை, வேறு பெயர் வைத்துக்கொள்கிறோம் என்றாள்.

கார்க் கதவு திறந்தது. அன்ரி வேலி வரை நடந்து வந்தார்.

"என்ன பேர் சொன்னனீங்கள்?"

"மிளகு."

"ஆர் வச்சது?"

"எங்கடை பிள்ளைதான்."

வீட்டில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பதில் சொன்ன மகள் வைத்த தமிழ்ப் பெயர். அன்ரி குதிரையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "சொறி. வி ஆர் நொட் செல்லிங்" என்றார். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அங்கிள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். போகும் வழியில் என்னைப் பென்டில் ஹில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள்.

இப்போது நான் மெல்பேர்னில், மல்கிரேவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விசா வந்தது, ஊருக்குப் போய் அம்மா இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டும் வந்தேன். குதிரைகளோடு எனக்கு இப்போது ஒரு தொடர்பும் இல்லை. சென்ற வாரம் அங்கிள் கூப்பிட்டார். இந்த வருடமும் ஈ அதிகம் என்றார். தன் முழங்கால் சரியில்லை என்றார்.

"அப்போ காலைல யாரு போறா அங்கிள்?"

"அன்ரிதான். நான் கார் ஓடிக்கொண்டு போறன், அவ்வளவுதான். உறை போடுறது, கழட்டுறது, தோய்க்கிறது எல்லாம் அவதான்."

"குதிரைகிட்ட பேசுவாங்களா?"



"இல்லை பிள்ளை. ஒண்டும் கதைக்கிறேல்லை. உறையைக் கழட்டிப்போட்டு, ரெண்டு காதையும் துடைச்சு விட்டுக்கொண்டு நிப்பா. நேரம் போயிட்டுது, வாங்கோ எண்டு நான்தான் கூப்பிட வேணும்."