அக்கா தேர்ந்தெடுத்த சக்கர நாற்காலி

அக்கா பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பஸ் கவிழ்ந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஏழு மாதம் கழித்து, சக்கர நாற்காலி வாங்க இருவரும் திருச்சிக்குப் போனோம்.

கடைக்காரர் என்னைப் பார்த்தே பேசினார். ஆஸ்பத்திரிகளில் கிடப்பது போன்ற அகலமான ஒன்றை உருட்டி வந்து, "அவங்களுக்கு இது போதுங்க. நீங்க தள்ளிக்கிட்டுப் போக வசதியா இருக்கும்" என்றார்.

"உக்காரப் போறது நான். என்கிட்ட கேளுங்க" என்றாள் அக்கா.

ஒவ்வொன்றிலும் அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். தொடை நெருக்குகிறதா, சக்கரம் கைக்கு எட்டுகிறதா, நாற்காலியின் பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்கு நகர முடியுமா என்று பார்த்தாள். நான்காவதில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்னால் தள்ளும் பிடிகள் மடங்கும் என்று தெரிந்ததும், "மடக்கியே வைங்க. கேக்காம யாரும் தள்ளக் கூடாது" என்றாள்.

சக்கரத்தை உருட்டி உருட்டி முதல் வாரமே அவள் கட்டைவிரல் தோல் உரிந்தது. வாசல் மணலில் முன்சக்கரம் புதைந்தால் நான் ஓடுவேன். "அங்கிட்டே நில்லுடி" என்று கத்துவாள். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மணலைக் கடக்கப் பழகுவதற்குள் இரண்டு முறை மல்லாந்து விழுந்தாள். உட்கார்ந்தே இருப்பதால் புண் வராமலிருக்க அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை என் வேலை: முன்சக்கரத்தில் சுற்றிய முடியை எடுப்பது, காற்றடிப்பது, பிரேக் திருகை முடுக்குவது. ஒருமுறை அதிகமாக முடுக்கிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பள்ளிக்குத் திரும்பியபோது வகுப்பு வராந்தாவுக்கு மூன்று படிகள் இருந்தன.

"ஆபீஸ்ல உக்காந்து ரிஜிஸ்டர் பாருங்க டீச்சர். ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?" என்றார் தலைமையாசிரியர்.

"கணக்கு நடத்த வந்திருக்கேன் சார்."

வகுப்பைப் படிக்குக் கீழே வரச் சொன்னாள். நான்கு நாள் மரத்தடியில், பலகையைச் சாய்த்து வைத்து நடத்தினாள். பெற்றோர் வந்து கேள்வி கேட்ட பிறகு சாய்தளம் கட்டினார்கள். கூரைத் தகடு போலச் செங்குத்தாக இருந்தது. பாதியிலேயே நாற்காலி பின்னால் உருண்டது. அன்று கூடப் போய்ப் பின்னால் நின்ற நான் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு முறை அவள் திட்டவில்லை.

"இதை ஒடைச்சுக் கட்டணும் சார்" என்றாள்.

"சிமெண்டு காஞ்சிருச்சே டீச்சர்."

"காஞ்சதைத்தானே சார் ஒடைக்க முடியும்?"

அன்று ஏழாம் வகுப்புக்கு அதையே கணக்காகக் கொடுத்தாள். சக்கர நாற்காலி ஏற, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். மூன்று படிகளின் ஒன்றரையடி உயரத்துக்கு எவ்வளவு? பிள்ளைகள் எழுதிய பதினெட்டைத் தலைமையாசிரியர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். பத்து நாளில் பதினெட்டடிச் சாய்தளம் வந்தது. அதில் முதல் தடவை ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். யாரும் அருகில் போகவில்லை. வியர்த்து வழிய மேலே போய்ச் சேர்ந்தாள்.

டீச்சர்கள் கழிப்பறையின் கதவு நாற்காலியைவிடக் குறுகல். அதற்கு மூன்றாவது மனு போயிருக்கிறது.