பெட்டி கேட்ட தண்ணீர்

காருக்கு ஊசி போடப் போகிறாள் என்ற செய்தி பெயிண்ட் கடையில் கிளம்பி பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்புவதற்குள், சின்னவளுக்கு ‘ஊசிக்காரி’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் முகம் சுளிக்கவில்லை. பட்டறைக் கதவில் தன் தொலைபேசி எண்ணுக்கு மேலே சாக்கட்டியால் தானே அதை எழுதி வைத்தாள்.

கார் மாட்டு டாக்டருடையது. இன்ஜினைப் பின்பக்கம் வைத்த பழைய வண்டி. அதைக் குளிர வைக்கத் தண்ணீர் கிடையாது, விசிறிக் காற்று மட்டும்தான். மேட்டுப் பண்ணைகளுக்கு ஏறும் சேற்றுப் பாதையில் வேறு எந்த வண்டியையும் அவர் நம்பமாட்டார். ஆனால் அது புகைச் சோதனையில் இரண்டு முறை தோற்றிருந்தது. மூன்றாவது முறையும் தோற்றால் சாலையில் ஓட்டக்கூடாது. கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் கீழே ஒரு குணம், மேட்டில் ஒரு குணம். பெரிய பட்டறைகள் கையை விரித்துவிட்டன.

சின்னவள் கல்லூரிப் பக்கம் போனவள் இல்லை. பஸ் பணிமனையில் பன்னிரண்டு வருஷம் வயரிங் வேலை பார்த்தவள். கருகிய வயர்க் கட்டில் எது எங்கே போகிறது என்று விரலாலேயே தடவிச் சொல்வாள். சோதனைக்கு இரண்டு மாதம் இருந்தபோது, மோதி நொறுங்கிய ஒரு புதுக் காரிலிருந்து ஊசி போலப் பெட்ரோல் தூவும் இன்ஜெக்டர்களையும், எவ்வளவு தூவ வேண்டும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் பெட்டியையும் கழற்றி வந்தாள். இரண்டு இன்ஜினும் ஏறக்குறைய ஒரே அளவு. கார்புரேட்டர் இருந்த இடத்தில் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் சாவியிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகுதான் வம்பு. தையல்காரியான அக்கா சாப்பாடு கொண்டுவந்தபோது, சின்னவள் இன்ஜின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“தண்ணி எவ்வளவு சூடா இருக்குன்னு பெட்டி கேக்குதுக்கா. இதுல தண்ணியே இல்ல.”

“ஒரு பொய் சொல்லிட்டுப் போயேன்.”

“ஒரே பொய்ய நாள் பூரா சொன்னா நம்பாது. காலையில குளிரா இருக்குன்னு சொல்லணும், ஓட ஓட சூடாவுதுன்னு சொல்லணும். அப்பதான் பெட்ரோல குறைக்கும்.”

புதுக் காரில் தண்ணீருக்குள் இருந்த வெப்ப உணரியை முதலில் ஆயிலுக்குள் வைத்தாள். தண்ணீர் இல்லாவிட்டால் ஆயில். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அங்கேதான் சறுக்கியது. சிலிண்டர் தலை ஐந்து நிமிஷத்தில் கொதித்துவிட, ஆயில் இருபது நிமிஷமாகியும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. இன்ஜின் இன்னும் விறைத்துக் கிடக்கிறது என்று நம்பிப் பெட்டி பெட்ரோலை வாரி ஊற்ற, முன்னைவிடக் கருப்பாகப் புகை வந்தது. பெயிண்ட் கடைக்காரர் வந்து, காருக்கு ஊசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறதே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்து ஸ்பார்க் பிளக் அடியில் வைத்தாள். அங்கே சூடு நூற்றெண்பது டிகிரியைத் தாண்டியது. அவ்வளவு சூடான தண்ணீரைப் பெட்டி கேள்விப்பட்டதே இல்லை. வயர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, காதைப் பொத்திக்கொண்டு இஷ்டத்துக்கு ஓட்டியது.

சோதனைக்கு எட்டு நாள் இருந்தது. பழைய கார்புரேட்டரையே மாட்டிக் கொடுத்துவிடட்டுமா என்று ஒரு மதியம் அவள் கேட்டாள். மாட்டினால் தோற்பது உறுதி என்று டாக்டர் சொன்னார். அதற்கு மேல் அவர் அவளை அவசரப்படுத்தவில்லை.

மறுநாளிலிருந்து சின்னவள் இன்ஜினைத் துணி அளப்பது போல அளந்தாள். சிலிண்டர் தலையில் பதினோரு இடம் குறித்தாள். ஒவ்வொன்றிலும் வெப்பமானியைக் கட்டி, ஆறிய இன்ஜினை ஓட்டிப் பார்த்தாள். அக்கா அளவு நோட்டில் நிமிஷத்துக்கு ஒரு எண் எழுதினாள். ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான் முடியும். மற்ற நேரமெல்லாம் இன்ஜின் ஆறக் காத்திருப்பது. ஒன்பதாவது இடம், காற்று உள்ளே போகும் இரண்டு துளைகளுக்கு நடுவில் ஒரு தடித்த உலோக மேடு. ஏழு நிமிஷத்தில் தொண்ணூறு. அரை மணி ஓட்டியும் நூற்றைந்தைத் தாண்டவில்லை. புதுக் காரில் அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீரும் ஏறக்குறைய அந்த அளவுதான் சூடாகும்.

“தண்ணி மாதிரியே பேசுது,” என்றாள் சின்னவள். மீதி இரண்டு இடத்தையும் அளக்காமல் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலுமினியத் துண்டை அராவி ஒரு பிடி செய்து, உணரியை அந்த மேட்டில் முடுக்கினாள்.

சோதனை நாளில் அக்காவும் கூட வந்திருந்தாள். அதிகாரி குழாயைச் சைலன்சருக்குள் விட்டு, திரையைப் பார்த்தார். குழாயை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். பிறகு வரிசையில் நின்ற ஒரு புதுக் காரைக் கூப்பிட்டு அதை அளந்தார். புதுக் காரின் எண்தான் கூடுதலாக இருந்தது.

“என்னம்மா பண்ணீங்க இதுக்கு?”

“பொய் சொன்னோம் சார். அளந்து சொன்னோம்,” என்றாள் சின்னவள்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் முத்திரை குத்தினார்.

டாக்டர் சான்றிதழைக் கையில் வாங்கிப் படிக்கும்போதே தொலைபேசி அடித்தது. மேட்டுப் பண்ணையில் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே கிடக்கிறதாம். ஓடிப்போய் ஏறினார், சாவியைத் திருப்பினார், போய்விட்டார். இரண்டு பேரும் அதே காரில்தான் வந்தார்கள் என்பது அவருக்கு நினைவில்லை. கருவிப் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு அக்காவும் தங்கையும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வழியெல்லாம் சின்னவள் காதைத் தீட்டிக்கொண்டே வந்தாள். தூரத்து மேட்டில் கார் எங்கும் திணறாமல் ஏறிக்கொண்டிருந்தது.