குண்டு பல்பும் எங்கள் குஞ்சுகளும்

கோழிக்குஞ்சு வளர்ப்பது தூக்கத்தைக் கொடுத்துக் கவலையை வாங்குகிற வியாபாரம். ஒரு தடவையாவது வளர்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அட்டைப்பெட்டி

தாராவியில் எங்களுக்கு ஒரே ரூம், அதற்கு மேலே தலை இடிக்கிற ஒரு பரண். என் வீட்டுக்காரர் தோல் பை தைக்கிற கார்கானாவில் கட்டிங் வேலை பார்த்தவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போனதும், மனிதர் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால்கூடப் பதில் வராது. இப்படியே விட்டால் ஆளே இல்லாமல் போய்விடுவார் என்று பயந்துதான் குஞ்சு வளர்க்கிற பேச்சையே நான் எடுத்தேன்.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைத் தடவித் தடவி அவரே வெட்டினார். குளிர்ந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும் என்று யாரோ சொன்னதால், நாலு மூலையையும் அட்டை வளைத்து உருட்டிவிட்டார். கீழே மரத்தூள், மேலே கயிற்றில் தொங்குகிற குண்டு பல்பு. தாய்க்கோழியின் சூட்டுக்குப் பதில் அதுதான். முதல் குஞ்சுகளை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டவர், பல மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்: "கத்துனா குளுருதுன்னு அர்த்தம், முணுமுணுத்தா சொகமா இருக்குன்னு அர்த்தம். இதுக்குக் கண்ணு எதுக்குட்டி?"

மாதுங்கா மாமி

முட்டைகூட நுழையாத வீட்டிலிருந்து ஒரு மாமி மகளோடு எங்களிடம் குஞ்சு வாங்க வந்தார். குஞ்சு வேண்டும் என்று பெண் சாப்பிடாமல் அடம் பிடித்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் கூச்சத்தில் குதித்ததைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மாமி படியிறங்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பெருசானா நீங்களே எடுத்துண்டுடுங்கோ. அப்புறம் என்னாச்சுன்னு மட்டும் எங்ககிட்ட சொல்லாதீங்கோ."

கோவண்டி நாத்தனார்

புதுக் குஞ்சுகள் வந்த வாரம், தாணேயில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போனேன். அவருக்கு இஷ்டமில்லை, நான்தான் விடவில்லை. குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளக் கோவண்டியிலிருந்து அவர் தங்கை வந்திருந்தாள். இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பினோம். மழையில் டிரெயின் நின்றுபோய், வீடு வந்து சேரவே மறுநாள் காலை ஆகிவிட்டது.

இதற்கிடையே குண்டு பல்பு ஃபியூஸ் போயிருக்கிறது. "அதெல்லாம் இப்போ யார் வாங்குறா?" என்று கடைக்காரர் நாத்தனாரிடம் எல்.இ.டி. பல்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். முன்னைவிடப் பளிச்சென்று எரியவும், இவளும் நிம்மதியாகப் படுத்துவிட்டாள். அதில் வெளிச்சம்தான் உண்டு, சூடு கிடையாது. காலையில் குஞ்சுகள் பெட்டியின் நடுவில் ஒரே குவியலாகச் செத்துக் கிடந்தன. தலையில் அடித்துக்கொண்டு அவள் அழுதாள்: "வெளிச்சம் நல்லாத்தான இருந்துச்சு மதினி, நான் என்னத்தக் கண்டேன்!"

அதற்கப்புறம்

அவர் தங்கையை ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தாலாவது எனக்கு மனசு ஆறியிருக்கும். வேறு குஞ்சு வாங்கலாம், குண்டு பல்பு எங்கேயாவது கிடைக்கும் என்று நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எழுந்து போய்ப் பழையபடி சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "கண்ணு வராதுன்னு கேக்கதுக்கு அம்புட்டு தூரம் போனோம். வீட்லயே கெடந்திருந்தா இதுவளாவது இருந்திருக்கும்."

இந்தத் தொழிலில் எங்களுக்கு மிஞ்சியது, இரண்டு வருஷ கேரண்டியோடு இன்றைக்கும் அடுப்படியில் பளிச்சென்று எரிகிற அந்த பல்பு ஒன்றுதான்.