இல்லாத தூசியைத் துடைப்பவள்

குனிந்து துடைக்கிறாள். தரையில் பதித்த ஐந்து மூலைப் பலகை பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருக்கிறது. அரை நிமிஷத்துக்கு முன்னால்தான் துடைத்தாள். இருந்தாலும் இடுப்புப் பையிலிருந்து சின்ன பிரஷ்ஷை எடுத்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூலையாகத் தட்டித் தட்டித் துடைக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, ஒரு ஹெல்மெட் மண்ணில் உருண்டு கிடக்கிறது. அவுட்டான கோபத்தில் ஒருத்தி கழற்றி அடித்தது.

ஒன்பது தட்டு. நான் எண்ணியிருக்கிறேன். எட்டாவது தட்டுக்குள் ஹெல்மெட் போட்டவள் கைக்கே திரும்பிப் போய்விடும். ஒன்பதாவது தட்டு முடிந்து நிமிரும்போது தரையில் ஒன்றும் இருக்காது. அவளும் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டாள்.

என் மருமகள் அவள். வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வாள், கண்ணாடிச் சில்லைச் சட்டத்துக்குத் தக்கபடி அறுப்பாள், மூக்கில் அழுத்துகிறது என்று வருகிறவர்களுக்கு வளைத்துக் கொடுப்பாள். ஏழாவது நாள் பெண்கள் சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு அம்பயர். பேட் பிடித்தவள் ஒரு பக்கம் நிற்க, பந்து பிடிக்கும் கேட்சர் குந்தியிருக்க, அந்த கேட்சருக்கும் பின்னால் கம்பி முகமூடி போட்டுக் குனிந்து நிற்கிற ஆள். பதினொரு வருஷமாக நிற்கிறாள்.

கடை வேலை ஊருக்கே தெரியும் என்பதால் கேலிக்குப் பஞ்சமில்லை. "அம்பயரம்மா, கடையில நல்ல கண்ணாடியா ஒண்ணு எடுத்து நீங்க போட்டுக்கோங்க!" என்று யாராவது கத்துவார்கள். திரும்பாமலே பதில் சொல்வாள்: "நாளைக்குப் பத்து மணிக்குத் திறப்போம். வாங்க, ரெண்டு பேருமே சோதிச்சுக்கலாம்."

விதிப்புத்தகத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. அவள் பாத்திரம் கழுவும்போது வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்ததால் பாதி எனக்கும் வரும். பேட்டையோ ஹெல்மெட்டையோ கையுறையையோ கோபத்தில் வீசினால் வெளியே அனுப்பலாம். அனுப்பப்பட்டவள் அடுத்த ஆட்டமும் ஆட முடியாது. கை தவறி விழுந்தால் முதலில் எச்சரிக்கை. தவறியதா, வீசியதா? அதை அம்பயர்தான் சொல்ல வேண்டும், அதுவும் கண் மூடித் திறப்பதற்குள். புத்தகத்தில் இருப்பது அவ்வளவுதான். பிரஷ் விவகாரம் அதில் இல்லை. அது இவள் சொந்தச் சரக்கு.

"மொதல் தடவை தூசி, ரெண்டாவது தடவை கதவு" என்பாள். முதல் தடவை துடைத்துக்கொண்டு நிற்பாள். அதே ஆள் அதே ஆட்டத்தில் மறுபடி வீசினால் கையை நீட்டி வெளிக்கதவைக் காட்டுவாள். கத்த மாட்டாள், பக்கத்தில் போய் முறைக்க மாட்டாள். தரையில் கிடப்பதை அவள் கையால் எடுத்தும் தர மாட்டாள். போட்டவள்தான் எடுக்க வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். என் மகன் கோபத்தில் கரண்டியை விட்டெறிந்தால் இவள் திரும்பி நின்று அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். துடைத்துத் திரும்பும்போது கரண்டி மாட்டிய இடத்தில் இருக்கும். ஒரு நாள் நான் டம்ளரை வீசினேன் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நான் வீசவில்லை. கொஞ்சம் வேகமாக வைத்தேன், அது போனது. அவள் அடுப்பைத் துடைத்தாள். நானும் அதை எடுக்கவில்லை. காலில் இடறியது, அதனால் மேலே வைத்தேன்.

இந்த வருஷம் அவள் மேல் புகார் போயிருந்தது. சங்கத்து அதிகாரி, கழுத்தில் நாடாவும் கையில் நோட்டுமாகத் திரிகிற மனிதர், கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "நீங்க கண்டும் காணாம இருக்கீங்கன்னு பேசிக்கிறாங்க. கொஞ்சம் கெடுபிடியா இருங்க. அரையிறுதியை நல்லா முடிச்சீங்கன்னா இறுதி ஆட்டம் உங்களுக்குத்தான்." பதினொரு வருஷத்தில் இறுதி ஆட்டத்தில் அந்தப் பலகைக்குப் பின்னால் அவள் ஒரு தடவைகூட நின்றதில்லை. வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அரையிறுதிக்கு மூன்று நாள் முன்பே ஷூவுக்கு மெருகு போட்டுவிட்டாள். வழக்கமாக ஆட்டத்தன்று காலையில்தான் போடுவாள்.

அரையிறுதி, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடப் பெண்களுக்கும் ரொட்டித் தொழிற்சாலைப் பெண்களுக்கும். நானும் மடக்கு நாற்காலியோடு போயிருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் பேட்டுகளையும் ஹெல்மெட்டுகளையும் வரிசையாக வைக்கும். இவள் ஒவ்வொரு ஹெல்மெட்டையும் இரண்டு பக்கமும் அழுத்தி விரிசல் பார்ப்பாள். உள்ளே ஏதாவது கலகலக்கிறதா என்று பேட்டைக் காதருகே ஆட்டிப் பார்ப்பாள், கைப்பிடியில் சுற்றிய பட்டையைத் துணி பிழிவதுபோல முறுக்கிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி ஒன்று ஒட்டுவாள். அன்றைக்குப் பாதி வரிசையில் அதிகாரி வந்து தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எல்லாம் தயாரா? இன்னைக்கு ஒரு நாள்தான், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார். இவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கை தன்பாட்டுக்கு அடுத்த பேட்டில் புள்ளியை ஒட்டியது.

சலவைக்கூடத்தின் கேட்சரை எல்லோரும் 'பெரிய வாளி' என்பார்கள். தோள் அப்படி, குரலும் அப்படி. ஒன்பது வருஷமாக ஆடுகிறாள், அவள் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனதே இல்லை. இந்த ஆட்டத்தில் மூன்று பந்தைத் தவறவிட்டால் அவுட். இரண்டாவது சுற்றில் அவள் பேட் பிடித்து நின்று, மூன்றாவது பந்தையும் தவறவிட்டு அவுட்டானபோது ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தாள். அதிகாரி நோட்டைத் திறந்தார். என் மருமகள் பிரஷ்ஷை எடுத்தாள். ஒன்பது தட்டு. ஹெல்மெட் போய்விட்டது. அதிகாரி ஏதோ எழுதினார்.

ஆறாவது சுற்றில் பெரிய வாளி மறுபடி வந்தாள். இரண்டு பந்தைத் தவறவிட்டாள். மூன்றாவதுக்கு முழு உடம்போடு பேட்டைச் சுழற்றினாள். பந்து எதிரணிக் கேட்சரின் கையுறைக்குள் போனது, பேட் அவள் கையை விட்டுப் பறந்தது. பறந்து வந்து என் மூக்குக்கு நேராகக் கம்பிவலையில் மோதி விழுந்தது. என் மேல் படவில்லை. எல்லோரும் நகரச் சொன்னார்கள். நான் நகரவில்லை, அங்கேதான் நிழல் இருந்தது.

என் மருமகள் முகமூடியைத் தூக்கினாள். கை நீண்டது. வெளிக்கதவைக் காட்டியது.

"மேடம், கை வழுக்கிடுச்சு! சத்தியமா வீசலை!" என்றாள் பெரிய வாளி.

"அப்ப ரெண்டாவது சுற்றுல ஹெல்மெட்டும் வழுக்கிடுச்சா?"

கூட்டம் சிரித்தது. பெரிய வாளி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கதவைத் தாண்டிப் போய்க் குழாயடியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். இந்த ஆட்டம் போயிற்று. அணி ஜெயித்தாலும் இறுதி ஆட்டமும் போயிற்று.

எடுக்க ஆள் இல்லாததால் பேட் வலையடியிலேயே கிடந்தது. என் மருமகள் வந்தாள்.

"அத்தை, அடி படலையே?"

"படலை. நீ போய் வேலையைப் பாரு."

குனிந்து பேட்டை எடுத்தாள். எடுத்த கை தன் வழக்கப்படி பிடியை ஒரு முறுக்கு முறுக்கியது. பட்டை முழுசாகக் கழன்று, வெங்காயத் தோல்போல அவள் உள்ளங்கையோடு வந்தது. அதற்கு நாலு விரல் மேலே பச்சைப் புள்ளி.

பார்த்தது நாங்கள் இரண்டு பேர்தான். அதிகாரி அந்தக் கோடியில் எழுதிக்கொண்டிருந்தார். கெடுபிடியாக இருந்ததற்கு நல்லபடியாகத்தான் எழுதியிருப்பார். நான் சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "பேசாம கொண்டுபோய் ஓரமா வெச்சிடும்மா" என்றேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவள் என் பிள்ளை மாதிரி, பெரிய வாளி எனக்கு யார்?

"புள்ளி நான் ஒட்டுனது அத்தை" என்றாள்.

இரண்டு கையையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினாள். இரண்டு அணிப் பயிற்சியாளர்களையும் கூப்பிட்டாள். அதிகாரியும் வந்துவிட்டார். பேட்டை ஒரு கையிலும் பட்டையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "காலையில இதை நான் சரியாப் பார்க்காம விட்டுட்டேன். பிடி கழண்டுதான் பறந்திருக்கு. அந்தப் பொண்ணு வீசலை. வெளிய அனுப்புனது என் தப்பு. கூப்பிடுங்க" என்றாள்.

ரொட்டித் தொழிற்சாலைப் பயிற்சியாளருக்கு முகம் சிவந்தது. "சொன்னா சொன்னதுதான் மேடம்! இப்படி மாத்தி மாத்திச் சொன்னா நாங்க எதை நம்புறது?"

"எழுதிக் குடுங்க. நானே கையெழுத்துப் போடுறேன்."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "யோசிச்சுத்தான் செய்யறீங்களா?"

"யோசிக்காமதான் புள்ளி ஒட்டுனேன் சார்."

பெரிய வாளி ஒரு ஷூ கட்டியும் ஒரு ஷூ கட்டாமலும் வந்து நின்றாள். "அவுட்டானது அவுட்டுதான், அது மாறாது. மீதி ஆட்டத்துக்கு நீ உள்ள இருக்கே" என்றாள் என் மருமகள். பிறகு, "ஹெல்மெட்டைப் பத்திக் கேட்டேன்ல, அதுவும் தப்பு" என்றாள். அடுத்த சுற்றில் பெரிய வாளி கேட்சராக அவள் முன்னால் குந்தினாள். "மேடம், கோவம் போயிடுச்சா?" என்று திரும்பாமல் கேட்டாள். "பந்தைப் பாரு" என்று மட்டும் பதில் வந்தது. சலவைக்கூடம் ஒரு ஓட்டத்தில் ஜெயித்தது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. என் மகன் ஷிப்டுக்குப் போயிருந்தான். அவள் நின்றுகொண்டே கேட்டாள். "சரிங்க... புரியுதுங்க... இல்லைங்க, அதெல்லாம் ஒண்ணும் நினைக்கலைங்க." போனை மெதுவாக வைத்தாள்.

"இறுதி ஆட்டத்துக்கு வேற ஆள் போட்டுட்டாங்களாம்."

"போட்டா போடட்டும், அவங்க தலையெழுத்து" என்றேன். அவள் ஷூவைத் துடைத்து வாசல் பக்கம் வைத்தாள். பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசி உதறி ஜன்னலில் காய வைத்தாள். முகமூடியை எடுத்துக்கொண்டு அதை மாட்டுகிற ஆணியருகே போனாள். கையைத் தூக்கியவள் மாட்டவில்லை. திரும்பி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வீசினாள். அது மூலையில் இருந்த காலி வாளியில் மோதி, வாளி கவிழ்ந்து, முகமூடி உருண்டு மேசைக்கு அடியில் போய் நின்றது.

நான் திரும்பிக்கொண்டேன். கரித்துணியை எடுத்தேன். அடுப்பைச் சற்று முன்புதான் துடைத்திருந்தேன். மறுபடி துடைத்தேன், மூலை மூலையாக, ஒன்பது தட்டு. எண்ணி முடித்துத் திரும்பினேன். முகமூடி மேசைக்கு அடியிலேயே கிடந்தது. அவள் ஆணிக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"அத்தை," என்றாள், "இன்னும் கொஞ்ச நேரம் துடைங்க."

திரும்பி, முதல் மூலையிலிருந்து ஆரம்பித்தேன்.