செகெஸ்தா மலைக்குக் கொண்டுபோன தேங்காய்

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை 6.10. இத்தாலியில், பலெர்மோ நகரின் ஓரத்துப் பிரான்காச்சோவில் டவுன் பஸ் ஏறும்போது என் பையில் குடுமியோடு ஒரு முழு முடித் தேங்காய் இருந்தது. தலை முழுகி, முதல் நாளே மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விட்டிருந்தேன். போகிற இடம் செகெஸ்தா. பலெர்மோவிலிருந்து எண்பது கிலோமீற்றர் இருக்கும். மலைமேல் இரண்டாயிரத்து நானூறு வருசத்துக் கோயில் என்று பல்லரோ சந்தையில் மீன் வாங்கும்போது பிலோமினா சொன்னாள். அவள் மன்னார் ஆள். நான் வேலை செய்கிற கட்டடத்திலேயே மேல்மாடியில் வேலை.

"எங்கட மாதா கோயில் பங்கு ஆக்கள் போறம் அக்கா. பஸ் பதினைஞ்சு யூரோ. நீங்களும் வாங்கோ."

வியாழக்கிழமை என் மகனுக்குக் கண் ஒப்பரேசன். பார்வை வரலாம், வராமலும் விடலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு வாய் வராது. சாமிக்கென்றால் வாய் திறக்கத் தேவையில்லைத்தானே என்று, தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

7.30க்கு நகர நடுவில், பொலிதேயாமா சதுக்கத்தில் பங்கு பஸ் வெளிக்கிட்டது. கடைசிச் சீற்றில் இருந்தேன். ஒன்பது மணிக்குச் செகெஸ்தா. முதல் ஞாயிறு என்றபடியால் நுழைவு இலவசம். பெருஞ்சீரகச் செடி மணக்கிற பாதையில் பத்து நிமிட ஏற்றம். மேலே முப்பத்தாறு தூண். கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கல் குத்தியது.

உள்ளே எட்டிப் பார்த்தால் புல். கூரையில்லை, மூலஸ்தானமில்லை.

"பிலோமினா, சாமி எங்கை?"

"எந்தச் சாமி?"

"இந்தக் கோயில் சாமி."

அவள் சிரித்துக்கொண்டு போய்க் காவலுக்கு நின்ற பெண்ணிடம் இத்தாலியனில் கேட்டு வந்தாள்.

"ஆருக்குக் கட்டினது எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாதாம் அக்கா. கட்டி முடிக்கவும் இல்லையாம்."

அப்படியென்றால் கும்பாபிஷேகம் நடக்காத கோயில். இதில் கும்பிடலாமா, கூடாதா? கும்பிட்டால் யார் கேட்பது? வலம் வருவோம் என்று தொடங்கினேன். எல்லோரும் எதிர்ப்பக்கமாக வந்தார்கள். வழிவிட்டு வழிவிட்டு, வந்தது இரண்டு சுற்றா மூன்று சுற்றா என்பதும் மறந்துபோயிற்று. முன்பக்கம் எது, பின்பக்கம் எது? இரண்டும் ஒரே மாதிரி. சரி, ஏதோ ஒரு பக்கம் என்று நின்று தேங்காயை எடுத்து ஓங்கினேன். காவல்காரப் பெண் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"உடைக்கக் கூடாதாம், கல்லுப் பழுதாப்போமாம்," என்றாள் பிலோமினா. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சும்மா தேங்காயைக் காவிக்கொண்டு மலையேறுற ஆளே நீங்கள்? என்ன நேர்த்தி?"

அழுகை வந்துவிட்டது. அழுதபடி சொன்னேன். அவள் சிரிப்பை விட்டுவிட்டாள். செருப்பைத் தேடித் தந்து, கையைப் பிடித்து, பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிவந்தாள்.

"இஞ்சை உடையுங்கோ. இந்தக் கல்லுக்கு ஒருத்தரும் காவலில்லை."

ஒரே அடி. சரிபாதியாகப் பிளந்தது. பஸ்காரர் தன் கத்தியைத் தந்தார். சொட்டுச் சொட்டாக, சின்னத் துண்டுகளாக வெட்டி எல்லோருக்கும் கொடுத்தோம். எதற்கு இது என்று அவர் கேட்க, பிலோமினா சொல்லிவிட்டாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

1.15க்குத் திரும்பினோம். பஸ் வளைவு தாண்டவும் பிலோமினா மைக்கை வாங்கினாள்.

"அக்காவின்ர மகன்ர கண்ணுக்கு ஒரு செபமாலை சொல்லுவம். அக்கா, பிள்ளையின்ர பேர்?"

நாற்பது தலை திரும்பியது. மைக் என் வாய்க்குக் கிட்ட வந்தது.

"சிவகுமார்," என்றேன்.

"கேக்கேல்லை அம்மா!" என்றார் முன்சீற்றிலிருந்து ஒருவர்.

"சிவகுமார்!"

மாதாவிடம் சிவகுமாருக்காக நாற்பது பேர் பலெர்மோ வரை மன்றாடினார்கள். என் நேர்த்தி எந்தக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பொலிதேயாமாவில் இறங்கும்போது ஒவ்வொருவராகக் கிட்ட வந்து, வியாழன் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். எட்டரை, எட்டரை என்று எல்லோருக்கும் வாய் திறந்து சொன்னேன்.