பூஜ்ஜியத்தில் வைக்கக் கூடாத வாசல்

வண்ணார்பேட்டையில் ஒரு கட்டட இன்ஜினியரிடம் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் அறைக்குள் அவரே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். வந்தால் சும்மா இருக்க மாட்டார், அதுதான் என் தலைவிதி.

பாளையங்கோட்டை வாத்தியார் ஒருவருக்கு வீடு. படத்தைச் சுவர், கதவு, வாஸ்து என்று லேயர் லேயராகப் பிரித்திருந்தேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்த டிரேசிங் தாள் மாதிரி, வேண்டாததை மறைத்துக்கொள்ளலாம். கதவை ஒருமுறை வரைந்து பிளாக்காகக் கட்டி வைத்தால் வேண்டிய இடத்திலெல்லாம் போடலாம். ஆனால் அதைப் பூஜ்ஜியம் என்ற லேயரில் வரைய வேண்டும். அப்போதுதான் எந்த லேயரில் போடுகிறோமோ அதன் சொல்பேச்சைக் கேட்கும்.

இதைச் சொன்னதும் இன்ஜினியர் பதறிவிட்டார்.

"ஏலே, வாசலைப் போய்ப் பூஜ்ஜியத்துல வைக்கச் சொல்லுதியே, அந்த வீடு விளங்குமா? வாஸ்து லேயர்ல வரைலே!"

"சார், அப்படி வரைஞ்சா எங்கன கொண்டு போட்டாலும் அது வாஸ்துவைத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கும்."

"நீ எனக்குப் படிச்சுக் குடுக்கியோ?"

வரைந்தேன். வேலை வேண்டுமே. கதவு வரும் இடத்தில் சுவர்க்கோட்டை வெட்டாமல் அதன் மேலேயே கதவைப் போடுவது வேறு அந்த ஆபீஸின் வழக்கம்.

அனுமதிக்குப் போகும் படத்தில் வாஸ்துக் குறிப்பு எதற்கு என்று அந்த லேயரை அவரே மறைத்தார். பிரிண்ட் எடுத்து, பார்க்காமலே கையெழுத்தும் போட்டார்.

இரண்டு நாளில் வாத்தியார் படத்தோடு வந்து நின்றார். நான்கு பக்கமும் சுவர். பேருக்குக்கூட ஒரு கதவு இல்லை. அனுமதி கொடுக்கும் இடத்தில் சிரியாய்ச் சிரித்திருக்கிறார்கள்.

"வீட்டுக்குள்ள எப்படி வே போக? மொட்டை மாடி வழியா இறங்கவா?"

இன்ஜினியர் என் பக்கம் கையை நீட்டினார். "பய புதுசு சார். கவனமில்லாம கதவையெல்லாம் அழிச்சிட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாஸ்து லேயரைத் திறந்து காட்டினேன். கதவுகள் மொத்தமும் திரும்பி வந்தன. பூஜ்ஜியக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். எனக்கு வாஸ்து பாக்கச் சொன்னது யாரு வே?"

அன்று சாயங்காலமே இன்ஜினியர் என் சீட்டைக் கிழித்தார். "உனக்கு வாய் கூடிப்போச்சுலே" என்றார். போவதற்கு முன்னால், கதவையெல்லாம் பூஜ்ஜியத்தில் மாற்றி வரைந்துவிட்டுப் போகச் சொன்னார்.

அவருடைய ஆபீஸ் வாசல் கச்சிதமாக வாஸ்துப்படி இருந்தது. வெளியே போக எனக்கு ஒரு தடங்கலும் வரவில்லை.